குவே லாப்பிஸ் போதாது, சட்டம் வேண்டும்

சிங்கப்பூர்ச் சட்டங்களில் வறியவர் யார் என்று தேடிப் பார்த்தால் கண்ணில் படுவது 1989ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி பிச்சை எடுப்பவர், அல்லது பிழைக்க வழியோ தங்க இடமோ இல்லாமல் பொது இடத்தில் சும்மா இருப்பவர், இவர்கள்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் ஆதரவற்றவர்கள். அவர்களை விசாரிக்கலாம், இல்லத்தில் சேர்க்கலாம், திரும்பத் திரும்பப் பிச்சை எடுத்து மாட்டினால் 3,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். காலையில் ஒரு வேலை, மாலையில் இன்னொரு வேலை என்று ஓடியும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காத குடும்பத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இன்ன வருமானத்துக்குக் கீழே போனால் வறுமை என்று வேறெந்தச் சட்டமும் சொல்வதில்லை.

இது மறந்துபோய் விட்டுவிட்ட விஷயம் அல்ல, யோசித்து எடுத்த முடிவு. 2013இல் ஹாங்காங் அதிகாரபூர்வ வறுமைக் கோடு ஒன்றை அறிவித்தபோது இங்கேயும் அதே கேள்வி எழுந்தது. அப்போது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சராக இருந்த சான் சுன் சிங், ஒரே ஒரு கோடு வறுமையின் எல்லாச் சிக்கலையும் காட்டாது, கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்கள் உதவியை இழந்துவிடுவார்கள் என்று விளக்கினார். அதற்குப் பதில் பல அடுக்கு உதவி, அடுக்கடுக்காக இருக்கும் குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி என்றார். உவமை நமக்கெல்லாம் உடனே புரிந்தது, நானும் அதைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கோடே இல்லையா என்ன? குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் கூட்டித் தரும் வேலைநலன் துணை வருமானத்துக்கு மாதச் சம்பளம் 3,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. சில்வர் சப்போர்ட் எனும் மூத்தோர் ஆதரவுத் திட்டத்துக்கு வீட்டில் தலைக்கு 2,300 வெள்ளி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீட்டுக்குப் பல ஆண்டுகளாகக் குடும்ப வருமானம் 1,500 வெள்ளி என்றுதான் வைத்திருந்தார்கள். ஆக, கோடுகள் ஏராளம். நாட்டில் எத்தனை பேர் எதற்குக் கீழே இருக்கிறார்கள், போன ஆண்டைவிடக் கூடினார்களா குறைந்தார்களா என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய ஒரு கோடு மட்டும் இல்லை.

திட்டத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். நம் ஊரில் வறுமைக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிடிசி பற்றுச்சீட்டு, யூ-சேவ், ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு, எஸ்ஜி60 பற்றுச்சீட்டு என்று வந்துகொண்டே இருக்கின்றன, கோப்பிக் கடையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிச் சாப்பிடுகிறோம், சந்தோஷம்தான். இருந்தாலும் நிலைமை நிஜமாகவே மாறிய இடங்களை எடுத்துப் பாருங்கள், அங்கெல்லாம் ஏதோ ஒரு சட்டம் அல்லது சட்ட பலமுள்ள ஒரு நிபந்தனை நிற்கிறது. துப்புரவாளர் சம்பளக் கதை ஒன்றே போதும்.

2012 வாக்கில் உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுப்பவரும் அலுவலகக் கழிவறை கழுவுபவரும் முழுநேரம் வேலை பார்த்து 800, 900 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தார்கள். காரணம் ரொம்ப எளிது. கட்டட உரிமையாளர் துப்புரவு வேலையை ஏலத்துக்கு விடுவார், குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகும், அந்த விலையில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் சம்பளத்தைக் குறைத்தவர்தான் ஜெயிப்பார். ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனம் வந்தால், அதே அம்மா அதே துடைப்பத்தோடு அதே மாடியில் மறுபடி ஆரம்பச் சம்பளத்தில் தொடங்குவார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் பொருளியல் பேராசிரியர் லிம் சோங் யா ஓர் அதிர்ச்சி வைத்தியம் சொன்னார்: 1,500 வெள்ளிக்குக் கீழே வாங்குபவர்களின் சம்பளத்தை மூன்று ஆண்டில் 50 விழுக்காடு உயர்த்துங்கள், 15,000 வெள்ளிக்கு மேலே வாங்குபவர்களின் சம்பளத்தை அப்படியே நிறுத்தி வையுங்கள். சொன்னவர் தெருவில் போகிறவர் இல்லை, தேசியச் சம்பள மன்றத்தை 1972இலிருந்து 2001 வரை தலைமையேற்று நடத்தியவர். அரசாங்கமும் தொழிற்சங்கத் தலைமையும் ஆபத்து என்று தள்ளிவிட்டன. அதே ஆண்டில் சம்பள மன்றம், 1,000 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்குவோருக்குக் குறைந்தது 50 வெள்ளி கூட்டிக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே, பல முதலாளிகள் கண்டுகொள்ளவில்லை.

2014 செப்டம்பரில் விளையாட்டே மாறியது. பொதுச் சுகாதாரச் சுற்றுப்புறச் சட்டத்தின்கீழ்த் துப்புரவு நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயமானது, உரிமம் வேண்டுமானால் உள்ளூர் ஊழியருக்குக் குறைந்தது 1,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதற்கு மேலே திறனுக்கு ஏற்ற படிகள். படிப்படியாக உயரும் சம்பள முறை என்று இப்போது நாம் சொல்வது இதைத்தான். ஏலத்தில் எல்லாருக்கும் ஒரே தரைமட்டம் வந்துவிட்டதால் சம்பளத்தை வெட்டி ஜெயிக்கும் வழி அடைபட்டது. 2023 ஜூலையில் பொதுத் துப்புரவாளருக்கான அடித்தளம் 1,570 வெள்ளி, 2028இல் 2,420 வெள்ளி என்று அட்டவணையே போட்டாகிவிட்டது. துப்புரவு நிறுவனங்கள் அதனால் காணாமல் போய்விடவில்லை, தரையும் அழுக்காகக் கிடக்கவில்லை. கெஞ்சிக் கேட்டபோது நடக்காதது நிபந்தனையாக வந்தபோது நடந்தது.

பாதுகாவலர்களுக்கும் நிலவனப்பு ஊழியர்களுக்கும் 2016இல் அதே ஏற்பாடு, 2022இல் சில்லறை வணிகம், 2023இல் உணவுச் சேவையும் கழிவு நிர்வாகமும். உணவு விநியோகம், தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு 2024இல் ஒரு தனிச் சட்டம் நிறைவேறி 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. அவர்கள் முழு ஊழியர்களும் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர்களும் இல்லை என்று தனி வகையாக ஏற்று, வேலையில் அடிபட்டால் இழப்பீடு, மத்திய சேம நிதி (மசேநி), சங்கம் அமைக்கும் வழி எல்லாவற்றையும் எழுதிவைத்தது. பல ஆண்டுகள் 'பேசிப் பார்ப்போம்' என்று கிடந்த விஷயம்.

சரி, அப்படியானால் குறை எங்கே? துறைவாரியாகப் போவதால் ஓட்டைகள் இருக்கின்றன. அந்த ஓட்டைகளை அடைக்க உள்ளூர்த் தகுதிச் சம்பளம் என்று ஒன்று உண்டு, 2024 ஜூலையில் முழுநேரத்துக்கு அதை 1,600 வெள்ளி ஆக்கினார்கள். ஆனால் அது வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். வெளிநாட்டவர் யாரையும் எடுக்காமல், பட்டியலில் இல்லாத ஒரு தொழிலைச் செய்யும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படியான தரை எதுவும் இல்லை. 1968இன் வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தை எப்போது கொடுக்க வேண்டும், எதைப் பிடிக்கலாம் என்றெல்லாம் விவரமாகச் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்வதில்லை. 2020 தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 1,300 வெள்ளி தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் கேட்டது, நாடாளுமன்றத்திலும் சூடாக விவாதித்தார்கள். வேலைகள் போய்விடும் என்ற பயம் அப்போதும் சொல்லப்பட்டது. மலேசியா 2011இல் சட்டம் இயற்றி 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கி, இன்று 1,700 ரிங்கிட்டில் நிற்கிறது. ஹாங்காங் 2011 மே மாதம் மணிக்கு 28 ஹாங்காங் டாலரில் ஆரம்பித்தது. இரண்டு இடத்திலும் கடை மூடிக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நம்மிடம் ஏற்கனவே பல துறைகளில் தரை இருக்கும்போது, மிச்சம் இருப்பவர்களையும் ஒரே சட்டத்தில் சேர்ப்பதில் புரட்சி ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நம்மவர்களில் இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து துவாஸ், காக்கி புக்கிட் தங்குவிடுதிகளில் இருந்துகொண்டு நமக்கு எம்ஆர்டியும் வீவக வீடும் கட்டித் தருபவர்கள். மேலே சொன்ன சம்பளத் தரைகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி குறியீடு 2024இல் வரிக்கும் அரசாங்க உதவிக்கும் முன்பு 0.435, பின்பு 0.364 என்று குறைந்தது. உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் அந்தக் கணக்கு உள்ளூர்வாசிக் குடும்பங்களுக்கானது, விடுதியில் படுப்பவர் அதில் ஒரு தலையாகக்கூட வரமாட்டார். இங்கே முகவர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, ஊரில் நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்த தொகைக்கு இந்த நாட்டுச் சட்டம் எட்டாது.

உதவி கேட்பவர் பக்கம் வருவோம். 2005இல் சமூகப் பராமரிப்பு நிரந்தர நிதிச் சட்டம் இயற்றித்தான் வறிய குடும்பங்களுக்கான காம்கேர் உதவித் திட்டம் தொடங்கியது. அந்தச் சட்டம் நிதியை அமைக்கிறது, பணம் எங்கிருந்து வரும் என்கிறது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதெல்லாம் அமைச்சு வகுக்கும் நெறிமுறைகள். இதோடு 2015இன் சில்வர் சப்போர்ட் சட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 55 வயதுக்குள் மசேநியில் மொத்தம் 140,000 வெள்ளிக்கு மேல் சேராதவர், ஐந்தறை அல்லது அதைவிடப் பெரிய வீடு சொந்தமாக இல்லாதவர், வீட்டு வருமானம் வரம்புக்குள் இருப்பவர் என்று நிபந்தனைகள் வெளிப்படையாக இருக்கின்றன. விண்ணப்பமே வேண்டாம், கணினியே பார்த்துத் தகுதியுள்ளவருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை பணத்தை அனுப்பிவிடுகிறது. பாட்டி யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை.

நிற்பது எப்படி இருக்கும் என்பதை எங்கள் பக்கத்து புளோக் ஆன்ட்டி ஒருவரிடம் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர், முட்டிவலியால் வேலையை விட்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்து வந்தார்: பழைய சம்பளச் சீட்டு, மசேநி அறிக்கை, வங்கிப் புத்தகம், மருத்துவமனை அட்டை, கரண்ட் பில் (அவருக்கு அது இன்னும் பியூபி பில்தான்). "தம்பி, மகன் சம்பளமும் காட்டணுமாம். அவன் மோட்டார் சைக்கிள்ல சாப்பாடு கொண்டு போறவன், ஒரு மாசம் மாதிரி ஒரு மாசம் இருக்காது. கேட்டா கோவப்படுறான். நீங்க எம்.பி.க்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்." எழுதிக் கொடுத்தேன், மக்கள் சந்திப்புக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார், எம்.பி. பரிந்துரைக் கடிதம் போட்டார், சில வாரத்தில் மூன்று மாதத்துக்கு உதவி கிடைத்தது. அதிகாரி, தொண்டூழியர், எம்.பி. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை, எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்களாம். ஆனால் மூன்று மாதம் ஏன், ஆறு ஏன் இல்லை என்று கேட்க அவருக்கு ஒரு சட்டப் பிரிவு கிடையாது. மறுத்திருந்தால் மேல்முறையீட்டுக்குச் சுயேச்சையான தீர்ப்பாயமும் கிடையாது. அதே அதிகாரிகளிடம் மறுபடி கேட்கலாம், இல்லாவிட்டால் இன்னொரு கடிதம். வேலைநீக்கம், அண்டைவீட்டுச் சத்தம் என்று எத்தனையோ சச்சரவுகளுக்கு முறையான வழிகள் வைத்திருக்கும் ஊரில் இது எனக்கு விநோதமாகப் படுகிறது.

எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்டால் அதற்கும் வேலை நடந்திருக்கிறது. டியோ யூ யென், இங் கோக் ஹோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் சாதாரண மக்களையே குழுக்களாக உட்காரவைத்து, கண்ணியமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பேசவைத்துக் கணக்குப் போட்டார்கள். 2019இல் தனியாக வாழும் 65 வயதைத் தாண்டியவருக்கு மாதம் 1,379 வெள்ளி என்று வந்தது. 2021இல் பெற்றோரும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பத்துக்கு 6,426 வெள்ளி. இது அடிப்படைத் தேவையைவிட மக்களின் விருப்பத்தைக் காட்டுவதாக இருக்கலாம் என்று அரசாங்கம் பதில் சொன்னது. சொல்லட்டும், அந்த எண் தவறாகவே இருக்கட்டும். அப்படியானால் சரியான எண் எது என்று சொல்லும் கடமையைச் சட்டம் அரசாங்கத்துக்குத் தர வேண்டாமா?

அப்புறம் சொத்து. வருமானத்தில் உள்ள இடைவெளியைவிட இதில் பேசத் தயக்கம் அதிகம், காரணம் நம்மில் பாதிப் பேருக்காவது ஒருநாள் பணக்காரர் ஆகிவிடுவோம் என்ற நம்பிக்கை இருக்கிறது. 2008 பிப்ரவரி 15 வரை இங்கே மரபுரிமை வரி இருந்தது. முதல் 12 மில்லியன் வெள்ளிக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 10. குடியிருப்புச் சொத்தில் 9 மில்லியன் வரை விலக்கு, ஆக வீவக வீட்டை விட்டுச் சென்ற அப்பாவின் பிள்ளைகள் பயப்பட ஒன்றுமில்லை. அன்றைய நிதியமைச்சர் தர்மன் வரவுசெலவுத் திட்டத்தில் அதை நீக்கினார், சொத்து நிர்வாகத் தொழில் இங்கே வளர வேண்டும் என்பது ஒரு காரணம். வளரவும் செய்தது: 2020இல் 400 அளவில் இருந்த செல்வந்தர்களின் சொத்தை நிர்வகிக்கும் குடும்ப அலுவலகங்கள் 2024இல் 2,000ஐத் தாண்டின. மூலதன ஆதாயத்துக்கும் இங்கே வரி இல்லை. மில்லியன் வெள்ளிக்கு மேல் சம்பாதிக்கும் மருத்துவர் அந்த மேல்பகுதிக்கு 24 விழுக்காடு கட்டுவார், தாத்தா வாங்கிவைத்த பங்குகளை விற்று அதே தொகையைப் பார்ப்பவர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இதற்கிடையில் 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய ஜிஎஸ்டி 2024இல் 9 ஆனது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அதை ஈடுகட்டப் பற்றுச்சீட்டு கொடுக்கிறார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பணத்துக்குக் கால் உண்டு, வரி போட்டால் ஓடிவிடும் என்பார்கள். ஓரளவு உண்மை. நிலத்துக்குக் கால் இல்லை என்பதால்தான் சொத்துக்கு வரி விதிக்க நம் முக்கியக் கருவியாகச் சொத்து வரியை வைத்திருக்கிறோம். 2024இலிருந்து சொந்தக் குடியிருப்புக்கு உச்சம் 32 விழுக்காடு, மற்ற குடியிருப்புகளுக்கு 36. 2023 ஏப்ரலில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 விழுக்காடு என்று போட்டபோதும் ஊர் காலியாகிவிடவில்லை. ஜப்பானில் மரபுரிமை வரியின் உச்சம் 55 விழுக்காடு, தென்கொரியாவில் 50. அவ்வளவு வேண்டாம், நான் கேட்பது மிக உயர்ந்த வரம்புக்கு மேலே, பெறுபவரின் கணக்கில், அறக்கட்டளை வழியாக நழுவ முடியாதபடி எழுதப்பட்ட ஒரு மிதமான வரி.

நம் சமூகத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குச் சொத்து என்றால் 99 ஆண்டுக் குத்தகையிலுள்ள அந்த ஒரு வீடுதான். 1989இன் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு வீவக புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு விகித வரம்பு உண்டு. சீனர் விகிதம் நிறைந்துவிட்டால் இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்குபவர் கூட்டம் சுருங்கும், விலையும் இறங்கும். இந்தச் சிரமத்தை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கொள்கை தேவைதான் என்று வாதாடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அதன் செலவை மட்டும் சிறுபான்மை விற்பனையாளர் தோளில் ஏற்றாமல் நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளச் சட்டத்தில் ஒரு வழி வைக்கலாமே. சம்பளச் சீட்டில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் போகும் தொகையைப் பார்க்கும்போதும் இதே நினைப்பு வரும். ஒரு வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை, மனமுவந்துதான் கொடுக்கிறோம், 1991 முதல் எத்தனையோ பிள்ளைகள் துணைப்பாடம் படித்து மேலே வந்திருக்கிறார்கள். ஆனாலும் வறுமை இனவாரியாக வருவதில்லை, சமூகத்தில் பணக்காரர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் உதவி கூடக் குறைய இருக்கக்கூடாது.

இதையெல்லாம் யார் கொண்டுவருவது? வரி விதிக்கவோ அரசாங்கப் பணத்தைச் செலவிடவோ வழி செய்யும் மசோதாவை அமைச்சர் மூலம் தெரிவிக்கப்படும் அதிபரின் பரிந்துரை இல்லாமல் கொண்டுவர முடியாது என்று அரசியலமைப்பின் 59ஆவது பிரிவு சொல்கிறது. எனவே மரபுரிமை வரி, உதவி பெறும் உரிமை எல்லாம் அமைச்சரவை மனம் வைத்தால்தான். ஆனால் அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா என்று ஒரு கதவு திறந்திருக்கிறது. 1995இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் ஊன் அந்தக் கதவு வழியாகத்தான் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 60 வயதைத் தாண்டித் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதுமையில் வறுமை வந்தால் பிள்ளையைச் சட்டப்படி கேட்கலாம், அரசாங்கத்தைக் கேட்க முடியாது. அந்த வரிசையை நாம் அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

அதே கதவில் இன்னொரு மசோதா நுழையலாம். நியூசிலாந்து 2018இல் இயற்றிய பிள்ளைகள் வறுமைக் குறைப்புச் சட்டம் யாருக்கும் நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. வறுமையை எப்படி அளப்பது என்று எழுதிவைத்து, மூன்று ஆண்டுக்கும் பத்து ஆண்டுக்கும் இலக்கு வைக்கச் சொல்லி, ஆண்டுதோறும் எண்களை வெளியிடக் கட்டாயப்படுத்துகிறது. இங்கே அப்படி ஒன்று வந்தால் புள்ளிவிவரத் துறை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பே தொடக்கத்துக்குப் போதும். விடுதியில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணச் சொல்ல வேண்டும், சொத்தையும் எண்ணச் சொல்ல வேண்டும். அடுத்த முறை மக்கள் சந்திப்பில் உங்கள் எம்.பி.யைப் பார்த்தால் கரண்ட் பில்லோடு இதையும் கேட்டு வையுங்கள்.